மேட்டினியின் கடைசி நிறம்

ஓசூர்
6.3.2006

மதிப்பிற்குரிய திம்மராயன் அவர்களுக்கு,

வணக்கம். இந்தப் பெட்டியில் ரோஜா, வயலட், வெட்டிவேர் மூன்றுக்கும் லிப்ஸ்டிக் சாம்பிள் வைத்திருக்கிறேன். கூடவே கடிதம் வைக்கச் சொன்னவர் நம் லேப் மேனேஜர் அசோக்குமார் சார். "போன்ல நிறத்தச் சொல்லிப் புரிய வைக்க முடியாதும்மா. போட்டோ எடுத்து அனுப்பினா கம்ப்யூட்டருக்குக் கம்ப்யூட்டர் வேற மாதிரி தெரியுது. பெட்டிக்குள்ள ஒரு லெட்டர் வச்சிடுங்க, ராயன் படிச்சு மேடத்துக்குச் சொல்லிக்குவாரு" என்றார். ஆகவே நானாக எழுதவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

சாம்பிளை டியூப் லைட்டில் பார்க்க வேண்டாம். ஜன்னல் ஓரம், காலை வெயில் சாய்வாக வரும்போது பாருங்கள். மணிக்கட்டின் உள்பக்கம் தடவி, கொஞ்சம் காற்றாட விட்டு, அப்புறம் பாருங்கள்.

ரோஜாவும் வயலட்டும் சுலபமாக வந்துவிட்டன. வெட்டிவேர்தான் படுத்திவிட்டது. வேரின் நிறம் வெறும் மண். மண்ணை யார் உதட்டில் பூசுவார்கள்? எங்கள் ஆலங்குளத்தில் சித்திரை வெயிலுக்கு ஜன்னலில் வெட்டிவேர்த் தட்டி கட்டித் தண்ணீர் தெளிப்போம். உள்ளே படுத்தால் மூடிய கண்ணுக்குள் ஒரு சிவப்பு வரும். இருட்டும் இல்லை, வெளிச்சமும் இல்லை. அதைத்தான் பிடிக்கப் பார்த்தேன். மெழுகும் ஆமணக்கெண்ணெயும் கலந்து நிறம் உருகிச் சுற்றும்போது பார்த்துக்கொண்டே நின்றால் தூக்கம் மாதிரி ஒன்று வருகிறது. நிற்கிறேன் என்பதே மறந்துவிடுகிறது.

நீங்கள் பம்பாய்க்குப் போய் அரை வருடத்துக்கு மேல் ஆகிறது. கம்பெனி பஸ்ஸில் தினமும் பேசிக்கொண்டு வந்த மனுஷர் போகும்போது ஒரு வார்த்தை சொல்லவில்லை. நோட்டீஸ் போர்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். இந்த வரியை அடித்துவிடலாம் என்று நினைத்தேன். மேடம் கையில் போகும் பெட்டியில் அடித்தல் திருத்தல் அசிங்கம், இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஆ. முத்துமணி
நிறப் பிரிவு

*

மும்பை
17.3.2006

முத்துமணி அவர்களுக்கு,

பெட்டி வந்தது. மூன்றுமே பாஸ். வெட்டிவேரைத் தடவிக்கொண்டு வில்லூ மேடம் ஜன்னலுக்கும் கண்ணாடிக்குமாக நடந்தார். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நீங்கள் எழுதிய தட்டி விஷயத்தை எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். எவ்வளவு புரிந்ததோ, "அந்தப் பெண்ணை மாற்றாதீர்கள்" என்று மட்டும் சொன்னார்.

அங்கே உங்களுக்கு எல்லாம் அரைகுறையாகத்தான் சொல்லியிருப்பார்கள். இந்த லிப்ஸ்டிக் வரிசையைச் செய்யச் சொன்ன மேடம் பார்சிக்காரர். கொலாபாவில் பழைய கட்டடம், கம்பிக்கதவு போட்ட லிப்ட். ஹாலில் மூன்று கண்ணாடி வைத்த ஒரு டிரெஸ்ஸிங் டேபிள், அதன்மேல் பழைய சென்ட் பாட்டில்கள். பாதி காலி. காலி பாட்டிலில்தான் வாசனை சரியாக இருக்கிறது என்கிறார், பைத்தியம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஒருநாள் மூடியைத் திறந்து என் மூக்கருகே காட்டினார். ஒன்றுமே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, யாரோ பக்கத்து அறைக்குள் போன மாதிரி ஒரு வாசனை.

லிப்ஸ்டிக் வரிசைக்கு 'மேட்டினி' என்று பெயர் வைத்திருக்கிறார். அந்தக் காலத்தில் பெண்கள் மத்தியான ஆட்டத்துக்குத்தான் உதட்டில் சாயமும் கழுத்தில் சென்ட்டும் போட்டுக்கொண்டு போவார்களாம். "இருட்டில் உட்கார்ந்துவிட்டு வெளியே வெயிலுக்கு வரும்போது உதட்டில் கொஞ்சம் மிச்சம் இருக்கும். கழுத்தில் கொஞ்சம் மிச்சம் இருக்கும். எனக்கு அந்த மிச்சம்தான் வேண்டும்" என்கிறார். குழல் பித்தளை. பழைய ரேடியோப் பெட்டி மாதிரி வரி வரியாக, மூடியில் குட்டிக் கண்ணாடி. கையில் வைத்தால் கனமாக, குளிர்ச்சியாக இருக்கிறது. ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு பழைய வாசனை. விலை சொன்னால் நம் பஸ்ஸில் ஒருவரும் நம்ப மாட்டார்கள்.

அடுத்து சந்தனமும் முல்லையும். கடைசியாகச் சம்பங்கி. அதற்கு வாசனை இங்கே இன்னும் தயாராகவில்லை, நிறத்தை மட்டும் நீங்கள் அனுப்பினால் போதும். அந்தப் பூவின் பெயரை எழுதவே எனக்குக் கை வரவில்லை. ஏன் என்று உங்களுக்குத் தெரியும்.

ஒரு வார்த்தை சொல்லவில்லை என்கிறீர்கள். நீங்கள் பதில் கொடுத்த பிறகு நான் சொல்ல என்ன மிச்சம் இருந்தது?

திம்மராயன்

*

ஓசூர்
24.4.2006

திம்மராயன் அவர்களுக்கு,

சந்தனம், முல்லை, சம்பங்கி மூன்றும் இதில் இருக்கின்றன. தாமதத்துக்கு மன்னிக்கவும். ஒரு வாரமாகச் சம்பங்கியுடன்தான் மல்லுக்கட்டினேன்.

வெள்ளைப் பூவுக்கு என்ன நிறம் கொடுப்பது? முல்லையும் வெள்ளைதான், ஆனால் முல்லைக்குச் சாயங்காலம் இருக்கிறது, அந்த வெளிச்சத்தை எடுத்துக்கொண்டேன். சம்பங்கிக்கு அப்படி ஒன்றும் இல்லை. கடைசியில் மொட்டைப் பார்த்தேன். விரிவதற்கு முன்னால் நுனியில் லேசாக ஒரு ரோஸ் இருக்கும். விரிந்தால் போய்விடும். கன்னத்தில் வந்து, வந்ததா இல்லையா என்று தெரியாமல் போகும் வெட்கம் மாதிரி. அதுதான் இந்த நிறம். மோல்டிலிருந்து எடுத்து நெருப்பில் ஒரு சுற்றுக் காட்டியதும் குச்சி பளபளவென்று விழித்துக்கொண்டது. நான் செய்ததிலேயே எனக்குப் பிடித்தது இதுதான். ஏரிப் பக்கம் விடிந்தும் விடியாத ஒரு காலையில் பஸ் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டேன். கனவில் பஸ் முழுக்க இந்த நிறத்தில் வெளிச்சம். யாருமே இறங்கவில்லை.

வேலை விஷயம் முடிந்தது.

நான் பதில் கொடுத்தேன் என்கிறீர்கள். கொடுத்தேன், இல்லை என்று யார் சொன்னது? நீங்கள் கேட்டபடி கேட்ட நாளில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவர் நீங்கள். சாயங்காலம் வேறு பஸ்ஸில் ஏறினீர்கள். மறுவாரம் பம்பாய். வேண்டாம் என்றால் கேட்டிருக்கவே வேண்டாமே. ஒரு பெண்ணின் மனசு எந்தப் பக்கம் சாயும் என்று சும்மா ஆழம் பார்த்தீர்களா? அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது.

இன்னொன்று. ஊரில் அண்ணன் எனக்கு மாப்பிள்ளை பார்த்திருக்கிறார். "ஏட்டி, பையன் தென்காசில பாத்திரக்கடை வச்சிருக்கான், ஆளும் அமைதி. ஆடி கழியட்டும், ஆவணி பொறந்ததும் பூ வச்சிருவோம்" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததைச் சரி என்று எடுத்துக்கொண்டு போனை வைத்துவிட்டார். உங்களுக்கு இதைச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. ஆவணிக்குப் பிறகு சாம்பிள் வேறு ஆள் அனுப்பக்கூடும் என்பதற்காக எழுதுகிறேன்.

முத்துமணி

*

மும்பை
9.5.2006

முத்துமணிக்கு,

சந்தனம் பாஸ். முல்லை பாஸ். சம்பங்கி பெயில்.

மேடம் மூடியைத் திறந்ததும் சிரித்துவிட்டார். "சம்பா தங்கமாக இருக்கும். இதென்ன, கல்யாணத்தன்று அழுது முடித்த பெண்ணின் உதடு மாதிரி இருக்கிறது?" என்றார். எனக்குத்தான் அவமானமாகப் போய்விட்டது. நிறத்துக்கென்றே இருக்கும் ஆள் நீங்கள். சம்பங்கி எந்த ஊரில் வெள்ளையாக இருக்கிறது? தேன்கனிக்கோட்டைக்கு அந்தப் பக்கம் எங்கள் கேழ்வரகுக் கொல்லையின் கோடியில் சம்பங்கி மரம் நிற்கிறது. ஜவளகிரிக் காட்டிலிருந்து யானை இறங்கினால் கொல்லையையே துவைத்துவிட்டுப் போகும், அந்த மரத்தை மட்டும் தொடாது. மறுநாள் காலையில் மிதிபட்ட பயிருக்கு நடுவில் நிற்போம், மேலேயிருந்து வாசனை இறங்கிக்கொண்டே இருக்கும். அழுவதா, மூச்சை இழுப்பதா என்று தெரியாது. மஞ்சளும் இல்லை, ஆரஞ்சும் இல்லை, பழுத்த பொன். அதைக் கொண்டுவாருங்கள் என்றால் வெட்கம், மொட்டு என்று என்னென்னவோ எழுதியிருக்கிறீர்கள்.

இனி மற்ற விஷயம். எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். நீங்கள் மாப்பிள்ளைப் பேச்சு எடுத்த பிறகு எனக்கும் பொறுக்கவில்லை.

கேட்டபடி கொடுத்தேன் என்று எப்படி எழுத மனசு வந்தது? போன ஆவணியில் பஸ்ஸில் உங்கள் சீட்டுப் பக்கம் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு நான் கேட்டது எனக்கு எழுத்துப் பிசகாமல் ஞாபகம் இருக்கிறது. "என்னக் கட்டிக்க சம்மதம்னா நாளைக்குச் சம்பங்கி வச்சிக்கினு வாங்க. வேற பூ வச்சா வேணாம்னு புரிஞ்சிக்கறேன். வாயால எதுவும் சொல்ல வேணாம்." இதுதானே? மறுநாள் நீங்கள் தலை நிறைய என்ன வைத்துக்கொண்டு வந்தீர்கள்? வெள்ளை வெளேரென்று சுகந்தராஜா. ஒரு பூ கூட வைக்காமல் வந்திருந்தால், கிடைத்திருக்காது என்று மனசைத் தேற்றியிருப்பேன். நீங்களோ தேடிப் பிடித்து வேறு பூவை முழம் முழமாக வைத்துக்கொண்டு, ஏறும்போது என்னைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தீர்கள். அதற்குப் பிறகும் அந்த பஸ்ஸில் ஏற நான் என்ன கல்லா? மும்பைக்கு ஆள் வேண்டும் என்றதும் நானே கையைத் தூக்கினேன்.

தென்காசிக்காரர் நன்றாக இருக்கட்டும். சம்பங்கியைத் திருத்தி அனுப்புங்கள்.

திம்மராயன்

*

ஓசூர்
20.5.2006

திம்மராயனுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று நான்கு தடவை படித்தேன். ஒவ்வொரு தடவையும் 'மரம்' என்ற சொல்லில் வந்து தட்டி நின்றேன். சம்பங்கிக்கு ஏது மரம்?

பஸ் ஸ்டாண்டு வாசலில் பூ விற்கும் வெங்கடம்மாளிடம் போய், "சம்பங்கி குடுங்க" என்றேன். அந்த அம்மா கூடையில் கையை வைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"எந்த சம்பங்கிம்மா?"

"எந்த சம்பங்கின்னா? சம்பங்கிதான்."

"தமிழ்ச் சம்பங்கியா, தெலுங்குச் சம்பங்கியான்னு கேக்கறேன். நீங்க சொல்றது தண்டுல பூக்கும். எங்களுக்கு அது நேல சம்பங்கி. வெறும் சம்பங்கின்னா மரத்துலது, மஞ்சளா இருக்கும். கன்னடக்காரங்க வந்தா சம்பிகேம்பாங்க, அவங்களுக்கு வெள்ளப்பூவு சுகந்தராஜா. ஓசூர்ல பூ விக்கறதுன்னா சும்மாவா? கேட்டுக் கேட்டுத்தான் குடுக்கணும். கேக்காம குடுத்தா மறுநாள் சண்டைக்கு வந்துடுவாங்க."

ஈரத்துணியை விலக்கி, பொன்னிறத்தில் நீள நீளமாக நாலு பூவை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். அது செண்பகம். எங்கள் பெரியம்மா பெயரே செண்பகம். அதைத்தான் நீங்கள் சம்பங்கி என்கிறீர்கள். நான் தலையில் வைத்துக்கொண்டு வந்தது எங்கள் ஊர்ச் சம்பங்கி. உங்களுக்கு அது வேறு பூ.

எனக்குச் சிரிப்புத்தான் முதலில் வந்தது. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு அழுகை வந்தது. பக்கத்தில் இருந்த நம் லேப் சுப்ரியா பயந்துபோய்த் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். போன ஆவணியில் அந்தக் காலை நான் எவ்வளவு சீக்கிரம் எழுந்தேன், எத்தனை தடவை கண்ணாடி பார்த்தேன் என்று உங்களுக்குத் தெரியுமா? உற்பத்திப் பக்கம் பூ வைத்துக்கொண்டு போகக்கூடாது. கேட்டுக்குள் நுழைந்ததும் எடுத்துப் பிளாஸ்டிக் பையில் சுற்றி லாக்கரில் வைத்தேன். நாள் முழுக்கத் தலையில் வலைத்தொப்பி, மனசில் அந்தப் பூ. சாயங்காலம் திரும்ப எடுத்து வைத்துக்கொண்டு பஸ்ஸில் உங்களுக்காக இடம் பிடித்து உட்கார்ந்திருந்தேன். நீங்கள் வரவில்லை.

அழுது முடித்ததும் கோபம் வந்தது. இப்போது எழுதுவது அந்தக் கோபத்தோடுதான்.

பூ தப்பு. சரி, அது ஊர்க் கோளாறு, பாஷைக் கோளாறு. ஆனால் எனக்கு வாய் இருந்ததே! ஒரு எட்டுப் பக்கத்தில் வந்து, "ஏன் முத்துமணி, வேண்டாமா?" என்று கேட்டிருந்தால் நாக்கு தேய்ந்துவிடுமா? பொழுதெல்லாம் உதட்டுச் சாயம் செய்கிற கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டு, உதட்டைத் திறந்து ஒரு வார்த்தை கேட்க உங்களுக்குத் தோன்றவில்லை. பூக்காரிக்கு இருக்கிற புத்தி உங்களுக்கு இல்லை. அந்த அம்மா நாலு பூவுக்கே இரண்டு தடவை கேட்டுவிட்டுத்தான் கொடுக்கிறார். நீங்கள் ஒரு மனுஷியைக் கேட்காமலே விட்டுவிட்டுப் போனீர்கள்.

நானும்தான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். ஆனால் முதலில் கேட்டவர் நீங்கள், முடிக்க வேண்டியவரும் நீங்கள்தான் என்று வீம்பாக இருந்துவிட்டேன்.

ஆனி வருகிறது, பின்னால் ஆடி. அண்ணன் கல்யாணப் பத்திரிகை மாடல் கூடப் பார்க்கத் தொடங்கிவிட்டார். உங்களுக்கு இன்னும் கேட்க ஏதாவது இருந்தால் கேளுங்கள். பூ வேண்டாம், ஜாடை வேண்டாம், நேராக. இல்லையென்றால் சம்பங்கி நிறத்தைப் பற்றி மட்டும் எழுதுங்கள், நானும் அதற்கு மட்டும் பதில் போடுகிறேன்.

இரண்டு சாம்பிளும் வைத்திருக்கிறேன். பழைய வெள்ளைப் பூவின் நிறமும் புதிய பொன்னும்.

முத்துமணி

*

மும்பை
4.6.2006

முத்துமணிக்கு,

இந்தக் கடிதத்தை எத்தனையோ தடவை தொடங்கிக் கிழித்தேன்.

முதலில் மேடம் சொன்னதை எழுதிவிடுகிறேன், கொஞ்சம் தைரியம் வரட்டும். சம்பங்கிக் கதையைச் சொன்னேன். எல்லாவற்றையும் சொல்லவில்லை, ஒரே பெயர் இரண்டு பூவுக்கு என்பதை மட்டும்தான். அந்த அம்மாளுக்கு என் முகத்தைப் பார்த்தே மீதி தெரிந்துவிட்டது. உங்கள் வெள்ளையையும் பொன்னையும் எதிரெதிராக வைத்துக்கொண்டு ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்திருந்தார். பிறகு வெள்ளையைத் தடவிக்கொண்டு மணிக்கட்டில் மரச்சம்பங்கி அத்தரை வைத்துக்கொண்டார். "இதுதான். வாசனை ஒரு பூ, நிறம் இன்னொரு பூ. தெரிந்தவர்கள் சண்டைக்கு வருவார்கள், தெரியாதவர்கள் வாங்குவார்கள்" என்றார். ஆகவே உங்கள் வெட்கம்தான் பாஸ். பொன் பெயில். கடைசிக் குழலின் அடியில் 'சம்பங்கி' என்றே அச்சடிக்கிறார்கள்.

இங்கே மழை தொடங்கிவிட்டது. கடல் எது, வானம் எது என்று தெரியவில்லை. சென்ட் தடவிய டெஸ்ட் அட்டைகளை முகர்ந்து முகர்ந்து என் மூக்கு ஒருமாதிரி ஆகிவிட்டது. டிரெயினில் நிற்கும்போது சட்டென்று நம் கம்பெனி பஸ்ஸின் வாசனை வருகிறது. டீசல், ஈர ஸ்வெட்டர், உங்கள் தலையில் இருந்த அந்த வெள்ளைப் பூ. அன்று அதை எவ்வளவு வெறுத்தேன்! இங்கே தாதர் மார்க்கெட்டில் அதை மலை மலையாகக் குவித்து விற்கிறார்கள். இத்தனை மாதமும் மூச்சை அடக்கிக்கொண்டு அந்தத் தெருவைத் தாண்டியிருக்கிறேன். நேற்றுதான் நின்று முகர்ந்தேன். நல்ல வாசனைதான்.

நீங்கள் எழுதியது அத்தனையும் உண்மை. இல்லை என்று உங்கள் வாயால் கேட்டுவிடுவேனோ என்கிற பயம். அதனால்தான் வாயால் சொல்ல வேண்டாம் என்றேன். ரோஷம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பயம்தான்.

எங்கள் அம்மாவுக்குத் தெலுங்குதான், தமிழ் அரைகுறை. அப்பாவுக்குக் கோபம் வந்தால் கன்னடம்தான் வரும். யானை வரும், கரண்ட் போகும். ஆலங்குளத்து வெயில் எங்கள் ஊரில் கிடைக்காது. இதையெல்லாம் தெரிந்துகொண்டுதான் நீங்கள் பதில் சொல்ல வேண்டும்.

மறுபடி ஒரு சொல் தப்பாகப் போய்விடக்கூடாது. அதனால் மூன்று பாஷையிலும் எழுதுகிறேன்.

நன்னு பெள்ளி சேசுகுண்டாரா?

நன்ன மதுவே ஆகுத்தீரா?

முத்துமணி, என்னைக் கல்யாணம் செய்துகொள்வீர்களா?

திம்மராயன்

*

ஓசூர்
19.6.2006

திம்மராயனுக்கு,

உங்கள் கடிதம் வந்தபோது நான் லேபில் இல்லை. அசோக்குமார் சார் பெட்டி என்று நினைத்து உறையைத் தடவிப் பார்த்துவிட்டு, "சாம்பிள் ஒண்ணும் காணோம்மா, வெறும் லெட்டருதான்" என்று என் மேஜையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். மத்தியானச் சாப்பாட்டு இடைவேளையில் கேண்டீனுக்குப் போகாமல் ஜன்னல் ஓரம் நின்று படித்தேன். சாய்வான வெயில் இல்லை, உச்சி வெயில்தான்.

உடனே பதில் போடவில்லை. முதலில் அண்ணனோடு பேச வேண்டியிருந்தது. "தென்காசி வேண்டாம்ணே" என்றதும் போனை வைத்துவிட்டார். மதினிதான் இரண்டொரு தடவை கூப்பிட்டு, யார், என்ன, எந்த ஊர் என்று கேட்டாள். மறைக்காமல் எல்லாம் சொன்னேன். கடைசியில் நேற்று அண்ணனே கூப்பிட்டார். கோபம் போகவில்லை, குரலில் தெரிந்தது.

"அந்தப் பய தமிழு பேசுவானா, மாட்டானாட்டி?"

"நல்லா பேசுவாகண்ணே. பூ பேருதான் தெரியாது."

"என்னத்தயோ சொல்லுத. ஆவணில நான் அங்கன வாரேன். ஆளப் பாத்துட்டுத்தான் எதயும் சொல்லுவேன்" என்றார். இவ்வளவுதான் நடந்திருக்கிறது. இதற்குமேல் அவரைச் சமாளிப்பது உங்கள் பாடு. அவர் வரும்போது நீங்களும் ஓசூருக்கு வந்து எதிரில் உட்கார்ந்து, கேட்டதற்கெல்லாம் வாயைத் திறந்து பதில் சொல்லுங்கள். உங்கள் அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். அரைகுறைத் தமிழும் இல்லாத தெலுங்கும் சேர்ந்தால் ஒரு முழுப் பேச்சு வந்துவிடும். யானையை நான் பார்த்ததே இல்லை, அதுதான் கொஞ்சம் பயம்.

உங்கள் கேள்வியை மூன்று பாஷையில் கேட்டிருக்கிறீர்கள். நன்ன, நன்னு என்று எது எதில் என்று கூட எனக்குத் தெரியவில்லை. ஒவ்வொன்றாக உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தேன். பதிலும் அப்படியே மூன்றிலும் எழுத வேண்டும் என்று ஆசை. எனக்குத் தெரிந்ததோ ஒரு பாஷை. தெரியாத பாஷையில் எழுதி, அது வேறு ஏதாவது பூவாகிவிட்டால் என்ன செய்வது? அதனால் மூன்றிலும் ஒரே அர்த்தம் தருகிற சொல்லாகத் தேடினேன். கம்பெனி பஸ்ஸில் ஒவ்வொருவராகக் கேட்டேன். தமிழ்க்காரர்களுக்கும் கன்னடக்காரர்களுக்கும் ஒன்றேதானாம். தெலுங்குக்காரர்கள் கடைசியில் கொஞ்சம் இழுப்பார்களாம், ஆனாலும் புரிந்துகொள்வார்கள் என்றார்கள்.

சரி.

முத்துமணி